செடிகளின் கணக்கறிந்த ஜானகி அம்மாள்

கார்த்திகைத் திங்களில் திருவண்ணாமலைக்குத் தீபம் காண வருவோர் எண்ணிறந்தவர். செங்கம் சாலையில் இரமணாசிரமத்தைக் கடந்து மலையை வலம் வரும் அக்கூட்டத்தினர் அனைவருடைய கண்களும் மலையுச்சியையே நோக்கி நிற்கும். அதே பருவத்தில் தமிழ்நாட்டுப் புதர்க்காடுகளில் வேறொரு சுடரும் எரிகின்றது. அஃது எண்ணெயும் திரியும் வேண்டாத சுடர். அடியில் மஞ்சளும் நுனியில் செம்மையுமாக மேல்நோக்கி வளைந்த ஆறு இதழ்களை உடையது. கார்த்திகைப் பூ என்று மக்கள் வழங்கும் செங்காந்தளே அது. பழந்தமிழ்ப் புலவர்கள் மகளிர் விரல்களுக்கு உவமையாக எடுத்தாண்ட மலர் இதுவே. தமிழ்நாட்டின் மாநில மலராக இன்று விளங்குவதும் இதுவே.

காந்தளின் கிழங்கு கொடிய நஞ்சுடையது. அந்நஞ்சினுள் கால்ச்சிசின் என்னும் பொருள் உள்ளது. அளவறிந்து கொடுத்தால் அது மூட்டு நோய்க்கு மருந்தாகும். அளவு மிகுந்தால் உயிரைக் குடிக்கும். இப்பொருளைச் செடியின் இளங்குருத்தில் இட்டால் அச்செடியின் உயிர்க்கணக்கே மாறிவிடும் என்பதை 1937-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் வெளிப்படுத்தினர். உயிர்க்கணக்கு என்பது யாது? அதனை எண்ணிக் காண்பதையே வாழ்நாள் முழுவதும் தொழிலாகக் கொண்ட அம்மையார் ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். அவரே எடவலத்துக் கக்காட்டு ஜானகி அம்மாள்.

ஜானகி அம்மாள் 1897-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4-ஆம் நாள் தலைச்சேரியில் பிறந்தார். அவ்வூர் அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. தந்தையார் கிருஷ்ணன் நீதிபதியாக இருந்தவர். வழக்குக் கட்டுகளுக்கு இடையிலும் அவர் பறவைகளை ஆராய்ந்தார். தோட்டம் வளர்ப்பதில் தீராத விருப்பமுடையவர். மக்கள் பலர் நிறைந்த அப்பெரிய இல்லத்தில், தந்தையின் தோட்டமே ஜானகிக்கு முதற் பள்ளியாயிற்று.

உடன்பிறந்த பெண்கள் ஒருவர்பின் ஒருவராக மணம் புரிந்து சென்றனர். ஜானகிக்கும் அவ்வழியே காத்திருந்தது. அவரோ கல்வியைத் தேர்ந்தார். பெண்ணொருத்தி மணத்தை மறுத்துக் கல்லூரிக்குச் செல்லுதல் இக்காலத்தில் பெரிதாகத் தோன்றாது. நூறாண்டுகளுக்கு முன்னோ, அது சுற்றத்தார் அனைவரும் கூடி வியந்தும் இகழ்ந்தும் பேசுதற்குரிய செய்தி. அவர் சென்னைக்கு வந்து இராணி மேரிக் கல்லூரியிலும், பின்னர் மாநிலக் கல்லூரியிலும் பயின்று 1921-இல் தாவரவியலில் சிறப்புப் பட்டம் பெற்றார். பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியப் பணி கிடைத்தது. அப்போது கீழ்நாட்டு மகளிர்க்கென அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஏற்பட்டிருந்த பார்பர் உதவித்தொகை அவருக்கு வழங்கப்பெற்றது. கடல் கடந்து சென்று முதுகலைப் பட்டம் பெற்றுத் திரும்பினார். மீண்டும் சென்று 1931-இல் முனைவர் பட்டமும் பெற்றார். கத்தரிக்காயின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் உயிரணுக்களை ஆராய்ந்ததே அப்பட்டத்திற்கு வழியாயிற்று.

அவர் ஆராய்ந்த பொருளைச் சிறிது விளங்க உரைத்தல் வேண்டும். கல்லுக்கும் செடிக்கும் வேறுபாடு என்ன? செடி உணவை ஏற்கின்றது, வளர்கின்றது, தன்னை ஒத்த பிறிதொன்றை ஈனுகின்றது. கல்லுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. உயிருள்ளவை எல்லாம் உயிரணு என்னும் நுண்ணிய அறைகளால் ஆனவை. அவ்வறையினுள் உட்கரு ஒன்று உண்டு. உயிரணு இரண்டாகப் பிரியும் வேளையில் அவ்வுட்கருவிலுள்ள பொருள் குறுங்கோல்களாகத் திரண்டு தோன்றும். சாயத்தை நன்கு ஏற்பதால் அவற்றை நிறக்கோல்கள் என்பர். குரோமோசோம் என்று மேல்நாட்டார் வழங்குவதும் இவற்றையே. பெற்றோரின் இயல்புகளைப் பிள்ளைக்குக் கொண்டு செல்வன இவையே.

வியப்பு யாதெனில், ஒவ்வோர் இனத்திற்கும் இவற்றின் எண்ணிக்கை பெரும்பாலும் வரையறுக்கப்பட்டிருப்பதாம். வெங்காயத்திற்கு 16, மக்காச்சோளத்திற்கு 20, நெல்லுக்கு 24, தென்னைக்கு 32, மாந்தர்க்கு 46. தாயிடமிருந்து பாதியும் தந்தையிடமிருந்து பாதியும் பெற்றே பிள்ளை தன் எண்ணிக்கையை நிறைவு செய்துகொள்கின்றது. இவ்வெண்களை ஏட்டில் எழுதுவது எளிது, கண்டறிவது எளிதன்று. வளரும் வேரின் நுனியைக் கொய்து, மருந்திலிட்டுப் பதப்படுத்தி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் மெல்லப் பரப்பி, உருப்பெருக்கியின் கீழ்ப் பார்த்தல் வேண்டும். கோல்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். எண்ணினால் மயக்கம் தரும். ஒருமுறை எண்ணி 79 என்று வந்தால், அதனை 80 என்று எழுதிவிடுதல் ஆராய்ச்சியன்று. மற்றோர் அணுவையும், மற்றொரு வேரையும், மற்றொரு செடியையும் எடுத்து மீள மீள எண்ணுதல் வேண்டும். ஜானகி அம்மாள் ஐம்பதாண்டுக்கு மேல் இவ்வேலையைச் செய்தார்.

1934-இல் அவர் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்திற் சேர்ந்தார். அந்நிலையம் 1912-இல் தோன்றியது. கரும்பு எல்லா இடங்களிலும் பூத்து விதை கொள்வதில்லை. கோவையில் அது பூக்கும், விதையும் தரும். ஆதலால் புதிய கரும்பை உண்டாக்குதற்கு அவ்வூர் ஏற்ற இடமாயிற்று. தென்னாட்டுக் கரும்பு பருத்தது, இனிப்பு மிக்கது, ஆயினும் மென்மையானது. வடநாட்டுக் குளிரையும் நோயையும் தாங்காது. ஆற்றங்கரைகளில் தானாக வளரும் நாணலோ இனிப்பற்றது. ஆயினும் வெள்ளத்தையும் வறட்சியையும் நோயையும் தாங்கி நிற்பது. இவ்விரண்டையும் கலந்தால் என்ன என்று எண்ணினர் அறிஞர் பார்பரும் வெங்கடராமனும். கரும்பைத் தாயாகவும் நாணலைத் தந்தையாகவும் கொண்டு பிறந்த கோ 205 என்னும் கரும்பு 1918-இல் உழவர்க்கு வழங்கப்பெற்றது. வடநாட்டு வயல்களில் அது செழித்தது. புலவர்கள் வளைந்து கொடுப்பதற்கு மட்டுமே எடுத்துக்காட்டிய நாணல், நாட்டின் சருக்கரைத் தொழிலுக்கே முதுகெலும்பாயிற்று!

இக்கலப்பில் புதிர் ஒன்று இருந்தது. கரும்பின் நிறக்கோல்கள் 80. கோவை நாணலின் நிறக்கோல்கள் 64. தாயின் பாதி 40, தந்தையின் பாதி 32. ஆக 72 இருத்தல் வேண்டும். எண்ணிப் பார்த்தால் 112 இருந்தன. தாய்க் கரும்பு தன் பங்கில் பாதியைத் தராமல் 80-ஐயும் அப்படியே கொடுத்துவிட்டது! விதியென்று கருதப்பட்டது வழுவும் இடத்தில்தான் அறிவியல் விழித்துக்கொள்கின்றது. சாவகத் தீவில் ஆராய்ந்த டச்சு அறிஞரும் இதனையொத்த நிகழ்ச்சியைக் கண்டிருந்தனர். ஜானகி அம்மாள் இத்துறையுட் புகுந்து, பல இடங்களிலிருந்து திரட்டிய நாணல்களின் கோல்களை எண்ணினார். நாணல் என்று ஒரே பெயரால் வழங்கும் புல், இடந்தோறும் வேறு வேறு எண்ணிக்கை உடையதாக இருந்தது. அது தோன்றிய இடம் இந்திய நாடே என்னும் முடிவுக்கு அவர் ஆய்வு துணை நின்றது. கரும்பை மக்காச்சோளத்தோடும் பிற புல்லினங்களோடும் கலந்து அவர் கண்ட பயன்களை உலக ஆராய்ச்சி ஏடுகள் வெளியிட்டன. கரும்பும் மூங்கிலும் கலந்து பிறந்த செடியின் கோல்களையும் எண்ணினார். கரும்பும் சோளமும் புறத்தோற்றத்தில் எவ்வளவு வேறுபட்டவை! ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்று ஏற்றுக் கருக்கொள்ளுமாயின், அவற்றின் முன்னோர் நெருங்கிய உறவினராக இருந்திருத்தல் வேண்டும் அன்றோ?

சர் சி. வி. இராமன் 1934-இல் நிறுவிய இந்திய அறிவியற் கழகம் அடுத்த ஆண்டே அவரை உறுப்பினராக ஏற்றது. ஆயினும் அக்காலம் அவருக்கு இனிமை மட்டும் தந்ததன்று. மணமாகாத பெண், உயர்ந்ததென்று சொல்லப்படாத குலம், ஆண்களே நிறைந்த ஆய்வுக்கூடம். அவருடைய கல்விக்குரிய மதிப்பு முழுதும் அவருக்குக் கிட்டவில்லை. அவர் அதற்காக எண்ணுவதை நிறுத்தவுமில்லை.

1939 ஆகஸ்டுத் திங்களில் எடின்பரோ நகரில் மரபியல் அறிஞர் மாநாடு கூடிற்று. ஜானகி அம்மாளும் சென்றிருந்தார். மாநாடு முடிந்த சில நாட்களில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. அவர் இங்கிலாந்திலேயே தங்கி, 1940 முதல் இலண்டனுக்கு அண்மையிலிருந்த ஜான் இன்னஸ் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். இரவில் வானூர்திகள் குண்டு பொழியும். அவர் கட்டிலின் கீழ்ப் புகுந்துகொள்வார். விடிந்ததும் உடைந்து சிதறிய கண்ணாடியைப் பெருக்கித் தள்ளிவிட்டு மீண்டும் உருப்பெருக்கியின் முன் அமர்வார். நம் நாட்டு அணில் ஒன்றையும் அவர் அங்கே கொண்டு சென்று வளர்த்தார் என்பர். போர் முடிந்த 1945-இல் டார்லிங்டன் என்னும் அறிஞரோடு அவர் இணைந்து எழுதிய நூல் வெளிவந்தது. உலகில் மாந்தர் பயிரிடும் செடிகளின் நிறக்கோல் எண்ணிக்கையை எல்லாம் தொகுத்துரைக்கும் பெருநூல் அது. குண்டு மழைக்கு நடுவே உருவான அந்நூல் செடி வளர்ப்போர்க்கு இன்றியமையாத துணையாயிற்று.

பின்னர் விசிலி என்னுமிடத்திலுள்ள அரச தோட்டக்கலைச் சங்கத்தார் அவரைத் தம் தோட்டத்திற்கு அழைத்துக்கொண்டனர். காந்தளில் உள்ள கால்ச்சிசின் இங்கேதான் அவர் வாழ்க்கைக் கதையுட் புகுகின்றது. உயிரணு பிரியும்போது முதலில் நிறக்கோல்கள் இரட்டிக்கும். பின்னர் மெல்லிய இழைகள் அவற்றை இருபாலும் ஈர்த்துப் பங்கிடும். கால்ச்சிசின் அவ்விழைகளை உருவாகவொட்டாமல் தடுத்துவிடுகின்றது. கோல்கள் இரட்டித்தபின் பங்கீடு நடைபெறாமையால், ஓரணுவிலேயே இருமடங்கு கோல்கள் தங்கிவிடும். ஜானகி அம்மாள் மக்னோலியா என்னும் பூமரத்தின் நாற்றுகளுக்கு இம்மருந்தை இட்டார். அவை இருமடங்கு கோல்களோடு வளர்ந்தன. தடித்த இலைகளும் வெண்மையான மலர்களும் உடையனவாயின. அவற்றுள் ஒரு வகைக்கு அவர் பெயரே இடப்பெற்றது.

இதனால் அறியப்படும் பெரிய உண்மை ஒன்றுண்டு. உயிரினங்கள் ஒன்றிலிருந்து ஒன்று சிறிது சிறிதாக மாறித் தோன்றின என்னும் கூர்தற் கொள்கையை டார்வின் 1859-இல் தம் நூலில் விரித்துரைத்தார். சூழ்நிலைக்கு ஏற்ற சிறு வேறுபாடுகள் தலைமுறை தலைமுறையாக நிலைபெற்று, நெடுங்காலத்தில் புதிய இனம் தோன்றும் என்பது அக்கொள்கை. செடிகளிலோ, நெடுங்காலம் வேண்டாத குறுக்கு வழியும் ஒன்று இருக்கின்றது. வேறு வேறு இனச் செடிகள் இரண்டு கலந்து பிறக்கும் செடி பெரும்பாலும் மலடாகும். தாயின் கோல்களுக்கும் தந்தையின் கோல்களுக்கும் இணை பொருந்தாமையே காரணம். கழுதைக்கும் குதிரைக்கும் பிறந்த கோவேறு கழுதையின் நிலையும் இதுவே. ஆனால், அச்செடியின் கோல்கள் யாதேனும் ஒரு காரணத்தால் இரட்டித்துவிட்டால், ஒவ்வொரு கோலுக்கும் ஒரு துணை கிடைத்துவிடும். மலட்டுச் செடி விதை ஈனும். அவ்விதையிலிருந்து வருவது தாயினமும் அன்று, தந்தையினமும் அன்று, புதியதோர் இனம். கோதுமை ரொட்டி உண்போர் நாள்தோறும் உண்பது இத்தகைய கலப்பின் பயனையே. பருத்தியிலும் இதனைக் காணலாம். தமிழ்நாட்டுக் கருங்கண்ணிப் பருத்திக்கு 26 கோல்கள். அமெரிக்க இனத்தைச் சேர்ந்த கம்போடியாப் பருத்திக்கு 52. முன்னொரு காலத்தில் இருவகைப் பருத்திகள் கலந்து இரட்டித்ததன் அடையாளம் அது. இவ்வளவும் உழவன் கைபடாமல், ஆய்வுக்கூடமும் இல்லாமல், இயற்கையிலேயே நிகழ்ந்துவிட்டது!

இயற்கையின் இவ்வேலை எங்கே மிகுதியாக நடக்கின்றது என்பதையும் ஜானகி அம்மாள் தேடினார். இமயத்தின் வடகிழக்குப் பகுதி குளிர்ந்தது, மழை மிக்கது. வடமேற்குப் பகுதி குளிர்ந்தது, வறண்டது. வடகிழக்கில் கோல் மிகுந்த செடிகள் கூடுதலாக இருத்தலைக் கண்டார். சீன நாட்டுச் செடிகளும் மலேயாப் பகுதிச் செடிகளும் நம் நாட்டுச் செடிகளோடு அங்கே சந்தித்துக் கலந்தமையால் புதிய இனங்கள் பல தோன்றின என்பது அவர் கருத்து.

விடுதலைபெற்ற இந்தியா இத்தகையோரை வேண்டி நின்றது. பிரதமர் நேரு அழைக்க, 1951-இல் அவர் தாயகம் திரும்பினார். வெள்ளையர் காலத்தில் 1890-இல் தோன்றிய இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. நம் நாட்டுச் செடிகளை ஆராய விரும்புவோர் அவற்றின் காய்ந்த மாதிரிகளைக் காண இலண்டனுக்குச் செல்லவேண்டியிருந்த நிலை அவரை வருத்திற்று. நம் செடிகளை நம்மவரே, நம் மண்ணிலேயே ஆராய்தல் வேண்டும் என்பது அவர் விருப்பம்.

அந்நாளில் நாடெங்கும் உணவு விளைவைப் பெருக்குதல் என்பதே பேச்சாக இருந்தது. காடுகள் வெட்டப்பட்டு வயல்களாயின. ஜானகி அம்மாள் புதிய பயிர்களை உண்டாக்கியவர்; ஏரும் கரும்பும் வேண்டாம் என்று சொல்பவர் அல்லர். ஆயினும் காடுகள் அழிவதைக் கண்டு அவர் உள்ளம் நொந்தது. கோவை நாணல் ஆற்றங்கரையிலே அழிந்துபோயிருந்தால் கோ 205 ஏது? பயனற்ற புல்லென்று இன்று களைந்தெறிவதில் நாளைய பயிரின் உயிர்க்கோல்கள் இருக்கலாம். போனபின் அதனை எந்த ஆய்வுக்கூடமும் ஆக்கித் தர இயலாது. 1955-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில், உலகின் முகத்தை மாந்தர் எவ்வாறு மாற்றிவருகின்றனர் என்பதைப் பற்றி அறிஞர் பேரவை ஒன்று கூடிற்று. அங்குக் கருத்துரைக்க அழைக்கப்பெற்ற ஒரே பெண்மணி இவரே. மலைவாழ் மக்களின் வேளாண்மையையும் செடியறிவையும் அவர் அங்கே எடுத்துரைத்தார். காட்டின் மருந்தறிவு ஏட்டில் ஏறுமுன் அதனை அறிந்த முதியோருடன் மறைந்துவிடுமோ என்னும் கவலை அவருக்கு இருந்தது.

அலகாபாத், ஜம்மு, பம்பாய் எனப் பல இடங்களிற் பணியாற்றியபின், 1970-இல் அவர் சென்னைக்கு வந்து சேர்ந்தார். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தின் மதுரவாயல் ஆய்வுக் களமே அவர் கடைசி இருப்பிடமாயிற்று. அங்கே மூலிகைகளை வளர்த்தார். எளிய வாழ்க்கை வாழ்ந்தார். 1977-இல் அரசு பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. பிறராயின் அத்துடன் ஓய்ந்திருப்பர்.

பாலக்காட்டு மாவட்டத்தில் அமைதிப் பள்ளத்தாக்கு என்னும் மழைக்காடு உள்ளது. அங்கே ஓடும் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்கத் திட்டமிட்டனர். அணை எழுந்தால் அக்காட்டின் ஒரு பகுதி நீரில் மூழ்கும். நாட்டுக்கு மின்சாரமும் வேண்டும், காடும் வேண்டும். எது பெரிது? ஆசிரியரும் புலவரும் அறிவியலாரும் எதிர்த்துக் குரல் கொடுத்தனர். ஜானகி அம்மாள் அப்போது எண்பது அகவையைக் கடந்தவர். அவரும் அக்குரலோடு சேர்ந்தார். தமக்குத் தெரிந்த வழியையும் மேற்கொண்டார். அக்காட்டு மரங்கள் நீரில் மூழ்கிவிடுமுன் அவற்றின் நிறக்கோல்களை எண்ணிக் குறித்துவிடவேண்டும் என்று முனைந்தார். முதுமையால் கால் தளர்ந்தது. கண்ணும் கையும் அவ்வேலையை விடவில்லை.

1983-இன் இறுதியில் அரசு அணைத் திட்டத்தைக் கைவிட்டது. 1984 பிப்ரவரி 7-ஆம் நாள் மதுரவாயலில், தாம் பணி செய்துவந்த இடத்திலேயே, ஜானகி அம்மாள் தம் 86-ஆம் அகவையில் காலமானார். அவ்வாண்டு நவம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. குந்திப்புழை இன்றும் அக்காட்டின் ஊடே அணையின்றி ஓடுகின்றது.